சொன்னதைக் கேட்டவர்

ராமையாவைப் போலச் சொல்பேச்சு கேட்கிற நோயாளி ஈப்போவில் இன்னொருவர் இருந்திருந்தால் அது அதிசயம்தான். கிட்னி நோய்க்கு ரத்தம் கழுவ வரச் சொன்ன நாளில் நர்சுகள் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்பார். வாழைப்பழம் ஆகாது என்றார்கள். கோயிலில் கொடுத்த பழத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் நீட்டிவிட்டார். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள் என்றார்கள். மனைவி காளியம்மா ஒழுங்காக வடிக்கிறாளா என்று அடுப்படி வரை வந்து எட்டிப் பார்ப்பார். ஆளை மேய்க்கிற மண்டோர் வேலை எல்லாம் தோட்டத்தோடு போகட்டும் என்று அவள் அவரை விரட்டுவாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொன்னதை அப்படியே செய்கிற பழக்கம் தோட்டம் கொடுத்ததுதான். கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், வரிசையில் நின்று பெயருக்குக் குரல் கொடுத்து, காட்டிய நிரையில் மரம் சீவி வளர்ந்த மனிதர். தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தம்பி தர்மாவுக்குச் சோறு பொங்கிப் போட்டு ஆளாக்கியதும் அவர்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். ராமையா குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வாடகை வீடு பிடித்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டில் காவல் காக்கும் ஜாகா வேலை. காளியம்மா கடலை வறுக்கும் கச்சான் கடையில் முறுக்குப் பிழியப் போனாள். அப்படிப் பாடுபட்டுத்தான் ஒரே மகள் தினேஸ்வரியை டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள்.

மகள் படித்து முடிப்பதற்குள் இனிப்புநீர் அவருடைய கிட்னியைத் தின்று முடித்திருந்தது. ஜாகா குடிசையில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் பால் கோப்பி குடித்த உடம்பு. தினேஸ்வரி ஈப்போ நகரத்து மருத்துவமனை ஒன்றில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்த வருஷத்தில்தான் அவரை மிஷினில் படுக்க வைத்தார்கள். அதில் அவருக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது. எந்த நர்சு ஊசியோடு வந்தாலும், என் மகளும் ஆஸ்பத்திரி வேலைதான், டாக்டராக இருக்கிறாள், என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

சிறுநீர் நின்றுபோனதால் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். ஒரு சின்ன போத்தல், அதுதான் ஒரு நாளைக்கு. அந்த வெயிலில் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மத்தியான மழைக்கு முன்பு ஈப்போ மலைகளுக்கு நடுவே காற்று அசையாமல் நிற்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ராமையா போத்தலைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, மாத்திரைக்கு ஒரு மிடறு, சோற்றுக்கு ஒரு மிடறு என்று சிக்கனம் பிடித்தார். ஒருநாளும் அளவு மீறவில்லை.

தம்பி தர்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பாகான் டத்தோவில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். நீண்ட கழியில் அரிவாள் கட்டித் தேங்காய் இறக்குவதும், குத்துக்கோலில் மட்டை உரிப்பதும் அவர் பிழைப்பு. கடற்கரைத் தோப்பில் வெயிலேறும் முன் வேலையை முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுக் இந்தான் வழியாக ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு அண்ணனைப் பார்க்க வருவார். வெறுங்கையோடு வந்ததே இல்லை. அண்ணனுக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு அவர் கொண்டுவந்தது இளநீர். கண்டதை அல்ல, தானே மரம் பார்த்து, குலை பார்த்து இறக்கிய செவ்விளநீர். உடம்புச் சூட்டைத் தணிக்கும், கிட்னியைக் கழுவிவிடும் என்று பாகான் டத்தோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புந்தோங்கிலும் அதையேதான் சொன்னார்கள்.

ஆனாலும் ராமையா மகளைக் கேட்காமல் தொடுவாரா? வார்டுக்குப் போன் போட்டார். தினேஸ்வரி முதல் நாள் காலையிலிருந்து உட்காராதவள். ஒரு கையில் ஊசிக் குழாய், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"பாப்பா, சித்தப்பா எளனி கொண்டாந்திருக்கான். குடிக்கலாமா?"

"எந்தத் தண்ணியா இருந்தாலும் அந்த போத்தல் அளவுதான்ப்பா. அதுக்குள்ள இருந்தா குடிங்க. நான் வைக்கிறேன், வேலை இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அன்று முதல் ராமையா கோப்பியை விட்டார், பச்சைத் தண்ணீரையும் விட்டார். காளியம்மா காயைச் சீவி போத்தலை நிரப்பி வைத்தாள். ஒரு சொட்டு கூடுதலாகக் குடிக்கவில்லை. நாள் முழுதும் அந்த இளநீரை மட்டும், டாக்டர் மகள் சொன்ன அளவுக்குள், மிடறு மிடறாக ருசித்துக் குடித்தார்.

நல்ல கிட்னி உள்ளவனுக்கு இளநீர் அமுதம்தான். அதில் உள்ள பொட்டாசியத்தை உடம்பு எடுத்ததுபோக மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். தள்ள வழியில்லாதவனுக்கு அது ரத்தத்திலேயே தங்கி ஏறி ஏறி ஒருநாள் இதயத்தை நிறுத்தும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கும் என்பது தினேஸ்வரிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எந்த ஊசியை எவ்வளவு வேகத்தில் போட வேண்டும் என்றும் தெரியும். அது தன் வீட்டில் எந்த வழியாக உள்ளே வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அத்தனை வருஷப் படிப்பில் சாப்பாட்டைப் பற்றி நடந்தது ஒரே ஒரு மத்தியான வகுப்பு. யாரோ ஓர் அம்மாள் வந்து ஒரு தட்டுப் படம் காட்டினார். அதில் இருந்த பழங்களைப் பாதிப் பேர் சூப்பர்மார்க்கெட்டில்தான் பார்த்திருந்தார்கள். பரீட்சைக்கு அதிலிருந்து எதுவும் வராது என்று சீனியர்கள் சொல்லியிருந்ததால் தினேஸ்வரி பின்வரிசையில் தூங்கினாள். வார்டுக்கு வந்த பிறகும், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டிலை விட்டு நகரும்போது சொல்கிற ஒரு வரியோடு எல்லாரும் கடமையை முடித்துக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரத்தம் கழுவும் இடத்துக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், கால் துவளுது என்று காளியம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மகள் வேலை செய்யும் இடத்துக்கேதான் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். அவளுடைய கூட்டாளிகள் முறைபோட்டு நெஞ்சை அழுத்தினார்கள். ரத்தச் சோதனை வந்தபோது பொட்டாசியம் எந்த மனிதனுக்கும் இருக்கக்கூடாத உயரத்தில் இருந்தது.

அடக்கம் எல்லாம் முடிந்து, வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு தினேஸ்வரி அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பா என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். காளியம்மா ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவள் குரலில் ஒரு குறையும் வைக்காதவளின் தெளிவு இருந்தது. தக்காளி இல்லாத மீன் குழம்பு, வடித்துக் கொட்டிய கீரை, பழம் பக்கமே போகவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே, இளநீர் மட்டும்தான் என்றாள்.

மறுநாளே தினேஸ்வரி மருத்துவமனையில் ஷாமினியைத் தேடிப் போனாள். நோயாளிகளுக்குச் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் உத்தியோகம் ஷாமினிக்கு, அத்தனை வார்டுக்கும் அவளோடு சேர்த்து இரண்டே பேர். இளநீரா, நான் முதலில் கேட்பதே அதுதானே என்றாள் ஷாமினி. சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்த்தாள். ராமையாவுக்கு அவளிடம் வரத் தேதி கொடுத்திருந்தார்கள். அது அடுத்த மாதம்.

தினேஸ்வரி அம்மாவிடம் சொன்னாள். இளநீரைத்தான் சொன்னாள், போனில் தான் சொன்னதைச் சொல்லவில்லை. அது தனக்கும் செத்துப்போனவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்தாள், சொல்ல மனமும் வரவில்லை. காளியம்மா அழவில்லை. காயைச் சீவி போத்தலை நிரப்பிய தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிகிட்ட சொல்லிறாத, தினேசு."

"அம்மா..."

"அவன் தாஹான் பண்ண மாட்டான், தாங்க மாட்டான். அண்ணன நானே கொன்னுட்டேன்னு தோப்புலயே எங்கயாவது தொங்கிருவான். போனவரு போயிட்டாரு. இதோட இருக்கட்டும். யாரும் எதும் பேச வேணாம்."

தினேஸ்வரி சரி என்று சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கருமாதியன்று தர்மா பந்தலில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம், நம்ம எளனிதான் அண்ணன இவ்ளோ நாள் நிக்க வச்சிச்சு, டாக்டருங்களுக்கு என்னா தெரியும் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனபோது, அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மருத்துவமனையில் அந்த மாதத்துச் சாவுகளைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். ராமையாவின் முறை வந்தபோது, உணவுக் கட்டுப்பாட்டை மீறிய நோயாளி என்று ஒரு வரியில் வாசித்துவிட்டு அடுத்தவருக்குப் போகப் பார்த்தார்கள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தினேஸ்வரி எழுந்து நின்றாள். அவர் எதையும் மீறவில்லை, சொன்னது அத்தனையும் கேட்டார், சொன்ன நமக்குத்தான் தெரியவில்லை என்றாள். தலைமை டாக்டர் தலை நரைத்த மனிதர். கூட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, எனக்கும் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை அம்மா, நானும் யாருக்கும் சொல்லித்தரவில்லை என்றார். அடுத்த வாரமே பயிற்சி டாக்டர்களுக்கும் நர்சு மாணவிகளுக்கும் ஷாமினி வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்தார். படம் காட்டுகிற வகுப்பு அல்ல. ஒவ்வொருவரும் ஒரு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அந்த நோயாளி காலையில் எழுந்ததிலிருந்து என்ன தின்றார், என்ன குடித்தார், யார் சமைத்தது, யார் வாங்கி வந்தது என்று கேட்டுவிட்டு வர வேண்டும். முதல் நாளே ஒரு மாணவி திரும்பி வந்து, தன் நோயாளி சீனியை விட்டுவிட்டு கோப்பியில் தித்திக்கிற டின் பால் ஊற்றிக் குடிக்கிறார், அது சீனி இல்லையாம் என்று சொன்னாள். சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை.

தினேஸ்வரியும் கூடமாட நின்றாள். வாராவாரம் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நோயாளியின் கதையைச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. ஒரு போத்தல் தண்ணீர் என்றார்கள், அந்த போத்தலில் இளநீரை நிரப்பினார், அளவு மீறவே இல்லை என்று சொல்வாள். ஒருமுறை ஒரு பையன், அவரை யார் குடிக்கச் சொன்னது என்று கேட்டான். யாரோ ஒரு டாக்டர், என்றாள். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் கோழை அல்ல, ஆனால் அந்த ஒரு வாசகம் மட்டும் அவள் வாயில் வர மறுத்தது.

தர்மாவின் வரவு குறைந்தது. அண்ணன் இல்லாத வீட்டுக்கு வரக் கால் எழவில்லை என்று போனில் அண்ணியிடம் சொன்னார். மாதங்கள் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடிக்கும் நேரத்தில் அந்தப் பழைய வேன் வந்து நின்றது. தினேஸ்வரிக்கு அன்று விடுமுறை. தர்மா இறங்கிய விதத்திலேயே அவளுக்கு என்னவோ போலிருந்தது. மரத்தடியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனிதர் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கினார். செருப்பைக் கழற்றினார், வார் இருந்த இடம் புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

காளியம்மா நெத்திலிச் சம்பலும் ரசமும் வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க பாப்பா. எனக்கும் கிட்னி கொஞ்சம் லீக்காம். பிரஷர் மாத்திரை குடுத்திருக்காங்க. சூசா, கஷ்டம் எல்லாம் ஒன்னும் இல்ல. நான் என்ன, அண்ணன் மாதிரி கடைசில முழிச்சிக்கிற ஆளா? இப்பவே கோப்பி, கேஸ் தண்ணி எல்லாம் நிப்பாட்டிட்டேன்லா. காலையில எளனி, வெயில் எறங்கி எளனி. அண்ணன் போனதுல இருந்து ஒருநாள் தவறல."

காளியம்மா கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்தப் பார்வை சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. திரும்பிக் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

தினேஸ்வரிக்கு முன்னால் இருப்பது அப்பாவின் தம்பி. அப்பாவைப் போலவே குனிந்து, அப்பாவைப் போலவே வழித்துச் சாப்பிடுகிறவர். சொன்னால் இவரை அந்தப் பழி கொல்லும், சொல்லாவிட்டால் இளநீர் கொல்லும். அவர் கை கழுவி வரும்வரை காத்திருந்தாள்.

"சித்தப்பா, நீங்க எளனி குடிக்கக் கூடாது."

"ஏன்லா? இது மருந்து எளனி."

"கிட்னி கெட்டவங்களுக்கு ஆகாது. அதுல பொட்டாசியம் ரொம்ப. அது ரத்தத்துல ஏறினா இதயம் நின்னுரும். அப்பாவுக்கு... அப்பாவுக்கு அதுதான் ஆச்சு."

தர்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது பாதிதான் கேட்டது.

"நான் கொண்டாந்ததா?"

"உங்க மேல தப்பு இல்ல சித்தப்பா. டாக்டருங்க யாரும் அப்பாகிட்ட என்ன குடிக்கிறீங்கன்னு கேக்கல. சரியா சொல்லிக் குடுக்கல."

டாக்டருங்க என்று சொல்லித் தப்பித்தது அவளுக்கே கசந்தது. காளியம்மா குழாயை மூடினாள். தர்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும் பாப்பா?"

"அப்பா போன மறுவாரம்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் வந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"அப்புறமும் இத்தன மாசமா நான் குடிச்சிக்கிட்டுத்தானே இருந்தேன்."

எத்தனையோ முன்பின் தெரியாதவர்களுக்கு வாராவாரம் சொன்னதை, சொல்ல வேண்டிய ஒரே மனிதருக்குத் தினேஸ்வரி சொல்லாமல் வைத்திருந்தாள். இன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். தர்மா மறுக்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார், வீங்கிய கால் அதில் நுழைய மறுத்தது. காளியம்மா குனிந்து வாரைத் தளர்த்திவிட்டு, தானும் வருகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளுடைய காரின் பின்சீட்டில் ஏறினாள்.

மழையில் வண்டிகள் ஊர்ந்தன. எதிரே மலை முழுவதும் வெள்ளையாக மறைந்திருந்தது. துடைப்பான் விடாமல் போய் வந்துகொண்டிருந்தது. பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விழுந்து நின்றபோது தர்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"நீ ஒன்ன விட்டுட்டுச் சொன்ன பாப்பா."

தினேஸ்வரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணன் அன்னிக்கு ஒனக்குப் போன் போட்டாருல்ல? ஸ்பீக்கர்லதான் போட்டாரு. அவருக்கு எப்பவும் ஸ்பீக்கர்தானே. நான் கீழ குந்தி எளனி சீவிக்கிட்டு இருந்தேன். அண்ணி மீன் கழுவிக்கிட்டு இருந்தாங்க. நீ குடிங்கன்னு சொன்னத நாங்க மூனு பேரும்தான் கேட்டோம்."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு பெரிய பாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்லா," என்றார்.

தினேஸ்வரி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். அப்பா போனதிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் தனக்குத் தட்டு வைத்து, மீனில் நடுத்துண்டு எடுத்து வைத்து, சாப்பிடு தினேசு என்று எதிரில் உட்கார்ந்த அம்மா. யாரும் எதும் பேச வேணாம் என்று சொன்ன அம்மா. அந்தச் சொல் சித்தப்பாவுக்காக மட்டும் சொன்னது இல்லை என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தை, ஒரு முகச் சுளிப்பு, எதுவுமே இல்லாமல் அம்மா இத்தனை மாதம் அதைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள். தினேஸ்வரிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. பின்னால் நின்ற கார்கள் ஹார்ன் அடித்தன.

காளியம்மா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கிறப்ப சந்தோசமாத்தான் குடிச்சாரு," என்றாள். "பச்ச விழுந்திருச்சு தினேசு. ரோட்டப் பாத்து ஓட்டு. தம்பியாச்சும் பொழைக்கட்டும்."